‘சுற்முறம்’ ஏன் கண்ணில் படவில்லை? எழுத்து இடம் மாறினாலும் மனம் படித்துவிடும் கதை

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு கல்யாணப் பத்திரிகை. மதுரையில் மாசி வீதிகளை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கும் சின்ன அச்சகத்துக்கு நான் புரூஃப் பார்த்துக் கொடுக்கிறேன், இருபது வருடப் பழக்கம். அந்தப் பத்திரிகையை நான் படித்தேன், அச்சகக்காரர் படித்தார், பெண்ணின் அப்பா படித்தார், தாய்மாமன் படித்துவிட்டு “சரியா இருக்குண்ணே, அடிச்சிருங்க” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஐந்நூறு பிரதி அடித்தாயிற்று. மறுநாள் சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த அச்சகக்காரரின் பேத்தி, மூன்றாம் வகுப்பு, மேசையில் மீந்து கிடந்த ஒரு பிரதியை எடுத்து விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றாள். “மாமா, சுற்முறம்னா என்ன?”

‘தங்கள் சுற்முறம் நட்பும் சூழ வருகை தந்து’ என்று அச்சாகியிருந்தது. சுற்றமும் என்று இருக்க வேண்டியது. பெரியவர்கள் நாலு பேரும் படித்திருக்கிறோம், நாலு பேருக்கும் அது ‘சுற்றமும்’ என்றே தெரிந்திருக்கிறது.

அன்றைக்கு இதைப் பற்றிப் பேசும்போது அச்சகத்தில் ஒருவர் சட்டென்று சொன்னார்: “அதுக்கு ஒரு ஆராய்ச்சி இருக்குங்க. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரியா இருந்தாப் போதும், நடுவுல எப்படி இருந்தாலும் மூளை படிச்சிரும்.” வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். அதில் பாதி உண்மை, பாதி தவறு. தவறான பாதியை நம்பி, பிள்ளைகளுக்கு எழுத்துப்பிழை முக்கியமில்லை என்று சொல்கிறவர்களையும் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதைப் பொறுமையாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் நீங்களே படித்துப் பாருங்கள்

சிதித்ரைத் திவிருழாவில் அகழர் வைகை ஆறிற்ல் இறகுங்ம்போது மதுரை மகக்ள் எலோல்ரும் கயிரைல் கூடி நிபாற்ர்கள்.

கொஞ்சம் தடுக்கியிருக்கும், ஆனாலும் படித்திருப்பீர்கள். சரி, இப்போது இதைப் படியுங்கள்:

கப்றுபு முயல் ஒன்று தடிகுபெக்பாட்ல்ள் உயகிறங்து.

இரண்டு வாக்கியத்திலும் விதி ஒன்றுதான். ஒவ்வொரு சொல்லிலும் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அதனதன் இடத்தில் இருக்கின்றன, நடுவில் உள்ளவைதான் இடம் மாறியிருக்கின்றன. முதல் வாக்கியம் ஓடுகிறது, இரண்டாவது நகர மறுக்கிறது. (‘கறுப்பு முயல் ஒன்று தபால்பெட்டிக்குள் உறங்கியது’ என்பதுதான் அது.) முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் போதும் என்பது உண்மையானால் இரண்டுமே ஒரே மாதிரி ஓடியிருக்க வேண்டும்.

வித்தியாசம் எங்கே? முதல் வாக்கியத்தில் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளைத்தான் மாற்றினேன். வைகை, மதுரை, கூடி ஆகிய சொற்களைத் தொடவே இல்லை, அவை வழி காட்டின. சித்திரைத் திருவிழா என்று தொடங்கினால் அழகர் ஆற்றில் இறங்குவது மதுரைக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பாதி வாக்கியத்தை உங்கள் மனமே எழுதிவிட்டது. தபால்பெட்டிக்குள் முயல் தூங்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? அதில் எழுத்துகளையும் தூரதூரமாகத் தூக்கிப் போட்டேன்.

அந்த ‘கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சி’ எங்கிருந்து வந்தது

2003 செப்டம்பரில் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் உலகம் முழுக்கச் சுற்றியது. எழுத்து கலைந்த ஒரு பத்தி, அதிலேயே ‘கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வின்படி’ என்ற சொற்களும். அப்படி ஓர் ஆய்வு கேம்பிரிட்ஜில் நடக்கவில்லை. கேம்பிரிட்ஜிலேயே மொழியும் மூளையும் பற்றி ஆராய்கிற மேட் டேவிஸ் என்பவர், நம் ஊரில் நடந்ததாகச் சொல்கிறார்களே என்று தேடிப் பார்த்து, அந்தப் பத்தியில் எது சரி எது தவறு என்று விளக்கி எழுதினார்.

அந்தப் பேச்சுக்கு ஒரு வேர் உண்டு, அது வேறு ஊரில் இருக்கிறது. 1976-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரஹாம் ராலின்சன் என்பவர் சொல்லில் எழுத்தின் இடம் எவ்வளவு முக்கியம் என்று முனைவர் பட்ட ஆய்வு செய்திருந்தார். 1999-இல் அதைக் குறிப்பிட்டு ‘நியூ சயின்டிஸ்ட்’ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். யாரோ எங்கேயோ அதைப் பிடித்துக்கொண்டு, ஊர்ப்பெயரை மாற்றி, நாலு சொல் கூட்டி அனுப்பிவிட்டார்கள். ‘நூற்றில் 55 பேரால்தான் இதைப் படிக்க முடியும்’ என்று சேர்த்த வடிவமும் உண்டு, படித்து முடித்தவர் தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டு அடுத்தவருக்கு அனுப்புவார் அல்லவா.

அந்த ஆங்கிலப் பத்தி எளிதாக ஓடியதற்கும் நம் அழகர் வாக்கியம் ஓடியதற்கும் காரணம் ஒன்றுதான். ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துச் சொற்கள் ஏராளம், அவற்றில் நடுவைக் கலைக்க இடமே இல்லை, அவை அப்படியே நின்று வாக்கியத்தின் எலும்புக்கூட்டைத் தாங்கிக்கொண்டன.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கலைந்த எழுத்தைப் படிக்க முடிவது உண்மை. எல்லாக் கலைப்பையும் படிக்க முடியும் என்பது உண்மையில்லை. இனி, முடிகிற இடத்தில் அது எப்படி முடிகிறது என்று பார்க்கலாம்.

கண் நடப்பதில்லை, தாவுகிறது

படிக்கும்போது கண் வரிமேல் வழுக்கிக்கொண்டு போவதாக நமக்குத் தோன்றும். அப்படி இல்லை. பக்கத்தில் ஒருவரைப் படிக்கச் சொல்லிவிட்டு அவர் கண்ணையே கவனித்துப் பாருங்கள், கருவிழி வெட்டி வெட்டி நகரும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாரிசில் எமில் ஜவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் இதைக் கவனித்துவிட்டார்கள். இந்த வெட்டுக்குத் தாவல் என்றும், தாவிப் போய் நிற்பதற்கு நிலைப்பு என்றும் பெயர் வைத்துக்கொள்வோம். ஒரு நிலைப்பு ஏறத்தாழ கால் நொடி. தாவும் அந்தக் கணத்தில் நாம் எதையும் படிப்பதில்லை, நிற்கும்போதுதான் படிக்கிறோம்.

நிற்கும் இடத்திலும் தெளிவாகத் தெரியும் பரப்பு மிகச் சின்னது. கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள், ஏறத்தாழ அந்த அளவுதான் கூர்மையாகத் தெரியும், அதைச் சுற்றி எல்லாம் போகப்போக மங்கல். ஆங்கிலம் படிப்பவர் ஒரு தாவலில் சராசரியாக ஏழிலிருந்து ஒன்பது எழுத்து முன்னே போகிறார் என்று அளந்திருக்கிறார்கள்.

கால் நொடியில் ஒரு சொல்லை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். பழகிய வாசகருக்கு அந்த நேரத்தில் க, அப்புறம் ர, அப்புறம் ம் என்று வரிசையில் நின்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது. பார்வைக்குள் விழுந்த எழுத்துகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் உள்ளே போகின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கல்யாண வீட்டு குரூப் போட்டோ

கல்யாணத்தில் மேடையில் சொந்தக்காரர்கள் எல்லோரும் வரிசையாக நின்று எடுத்த போட்டோவை ஒரு கணம் காட்டிவிட்டு மறைத்துவிட்டால், என்ன சொல்வீர்கள்? பெரியப்பா இருந்தார், அத்தை இருந்தார், சின்ன மாமா இருந்தார் என்று சொல்லிவிடலாம். அத்தை பெரியப்பாவுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டால் தடுமாறுவோம். ஆனால் வரிசையின் இரண்டு ஓரத்தில் நின்றவர்களைக் கேட்டால் பட்டென்று சொல்வோம், அவர்களுக்கு ஒரு பக்கம் காலி, நடுவில் நிற்பவர்களுக்கு இரண்டு பக்கமும் ஆள்.

சொல்லுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. என்னென்ன எழுத்து இருக்கிறது என்பது முதலில் கிட்டத்தட்டச் சரியாகத் தெரிந்துவிடுகிறது, எது எதற்கு முன்னால் என்பது அந்த நொடியில் இன்னும் கொஞ்சம் மங்கலாகவே இருக்கிறது. ஓர் எழுத்தின் இருபுறமும் வேறு எழுத்துகள் நெருக்கி நின்றால் அதைப் பிரித்துப் பார்ப்பது கடினம், இதற்கு நெரிசல் என்று பெயர். முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் ஒரு பக்கம் வெற்றிடம் என்பதால் நெரிசல் குறைவு, அவை தெளிவாகத் தெரிகின்றன. அந்த ஃபார்வர்டு முதல், கடைசி என்று பிடித்துக்கொண்டதற்கு அடியில் இருக்கும் உண்மை இதுதான். ஓர எழுத்துகள் மட்டும் போதும் என்பது இதன் பொருள் ஆகாது, நடு எழுத்துகளும் உள்ளே போகத்தான் செய்கின்றன.

நடு எழுத்துகளும் எண்ணிக்கையில் சேர்கின்றன என்பதைக் காட்டிய சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 2004-இல் ஸ்பெயினின் மனுவெல் பெரேயாவும் கனடாவின் ஸ்டீபன் லுப்கரும் வெளியிட்டது. ‘கசினோ’ என்ற சொல்லைக் காட்டுவதற்கு முன்னால், கண் உணரக்கூட முடியாத சிறு நேரத்துக்கு வேறொன்றை மின்னவிடுவார்கள். சில தடவை ‘கனிசோ’, சில தடவை ‘கவிரோ’. இரண்டிலும் இரண்டு எழுத்து தவறுதான். ஆனால் கனிசோவில் சரியான எழுத்துகளே இடம் மாறியிருக்கின்றன, கவிரோவில் அவற்றுக்குப் பதிலாக வேறு எழுத்துகள் நிற்கின்றன. கனிசோ மின்னிய பிறகு கசினோவை அடையாளம் காண்பது வேகமாக இருந்தது, கவிரோவுக்கு அந்த உதவி இல்லை. இதற்கு இடமாற்ற விளைவு என்று பெயர். ஓர எழுத்து மட்டும் போதும் என்றால் கனிசோவும் கவிரோவும் ஒன்றுபோல வேலை செய்திருக்க வேண்டுமே.

மதுரைக்குக் கிழக்கே கிராமங்களில் பெரியவர்கள் இன்றைக்கும் “மருதைக்குப் போறேன்” என்பார்கள். மதுரை, மருதை. த-வும் ர-வும் இடம் மாறி, கசினோ கனிசோவான அதே மாதிரி, உயிரொலிகள் அப்படியே நிற்க மெய்கள் மட்டும் மாறியிருக்கின்றன. அது வாய் செய்த மாற்றம், கண் செய்ததில்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தசை சதையானது, மிஞிறு ஞிமிறு ஆனது என்று இலக்கண வகுப்பில் படித்தோமே, அந்த வகை. ஆனாலும் மருதை என்று எழுதிக் காட்டினால் நம் ஊர்க்காரர் யாருக்கும் ஒரு நொடிகூட ஆகாது.

சுருக்கமாக: எழுத்துகள் சேர்ந்தே உள்ளே போகின்றன, ஓரத்தில் இருப்பவை தெளிவாக, நடுவில் இருப்பவை நெரிசலோடு. எழுத்து எது என்பது சீக்கிரம் உறுதியாகிறது, அதன் இடம் கொஞ்சம் தாமதமாக.

உள்ளே ஓர் ஓட்டு எண்ணிக்கை

சரி, எழுத்துகள் போய்ச் சேர்ந்தன, சொல் எப்படிக் கிடைக்கிறது? 1981-இல் ஜேம்ஸ் மெக்லெலண்ட், டேவிட் ரூமல்ஹார்ட் என்ற இரண்டு பேர் ஒரு மாதிரியைச் சொன்னார்கள், அதைத் தேர்தலாக நினைத்துக்கொண்டால் எளிது. நமக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் வேட்பாளர்கள். கண்ணில் பட்ட ஒவ்வோர் எழுத்தும் தன்னை அதே இடத்தில் வைத்திருக்கும் சொற்களுக்கு எல்லாம் ஓட்டுப் போடும், வைத்திராத சொற்களுக்கு எதிராகவும் போடும். (அவர்கள் மாதிரியில் இடம் கண்டிப்பு, இடம் கொஞ்சம் தள்ளியிருந்தாலும் ஓட்டு உண்டு என்று தளர்த்தியவர்கள் பின்னால் வந்தவர்கள்.) ஓட்டு ஏற ஏற, முன்னணியில் வரும் சொல் மற்றவற்றை அமுக்கும். அதோடு நிற்காமல் அது தன் எழுத்துகளுக்குத் திரும்பத் தெம்பும் கொடுக்கும்: ‘நான் சுற்றமும், எனக்குள் ற் அடுத்து ற இருக்க வேண்டும், நீ பார்த்தது அதுதான்’ என்று மேலிருந்து கீழே ஒரு சொல் போகும்.

நாலு பெரியவர்கள் ஏமாந்தது இங்கேதான். சு, ற், மு, ற, ம் என்ற ஐந்து எழுத்தும் சுற்றமும் என்ற சொல்லுக்கே ஓட்டுப் போட்டன. ‘சுற்முறம்’ என்று ஒரு வேட்பாளரே கிடையாது. முன்னால் ‘தங்கள்’, பின்னால் ‘நட்பும் சூழ’, ஆயிரம் பத்திரிகையில் பார்த்த வரி. எண்ணி முடிப்பதற்குள்ளேயே முடிவு வந்துவிட்டது. அந்தக் குழந்தைக்கு அந்த வரி பழக்கமில்லை, ஒவ்வோர் எழுத்தையும் வாயில் ஒலித்துக்கொண்டு போனாள், ஒலி எங்கேயும் போய்ச் சேரவில்லை, நின்றுவிட்டாள்.

சூழலின் பலம் நாம் நினைப்பதைவிடப் பெரியது. பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும் இருக்காது. அப்படியிருந்தும் படித்தார்கள், முன்னும் பின்னும் உள்ள பொருளையும் யாப்பையும் வைத்துக்கொண்டு.

அப்படியென்றால் சொல்லைப் படமாகப் பார்க்கிறோமா?

இல்லை. ஃபார்வர்டின் கடைசி வரி எப்போதும் இதுதான்: ‘ஏனென்றால் மனம் எழுத்து எழுத்தாகப் படிப்பதில்லை, முழுச் சொல்லாகப் படிக்கிறது.’ அதிகம் குழப்பும் வரியும் இதுதான். படமாகப் பார்த்தால் எழுத்து இடம் மாறியதும் படம் மாறிவிடுமே, பிறகு எப்படிப் படித்தோம்? கலைந்த சொல்லைப் படிக்க முடிவதே நாம் படமாகப் பார்ப்பதில்லை என்பதற்குச் சான்று. தனித்தனி எழுத்துகளை எடுத்துக்கொண்டதால்தான் அவற்றை மறுபடி அடுக்க முடிந்தது.

2003-இல், அந்த மின்னஞ்சல் சுற்றிய அதே வருடம், டெனிஸ் பெல்லியும் அவர் குழுவினரும் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எழுத்துகளைத் தனித்தனியாக அடையாளம் காண முடியாத அளவு மங்கலாக்கினால், மிகப் பழகிய சொல்லைக்கூடப் படிக்க முடியவில்லை என்பது அதன் முடிவு. சொல் என்ற முழு உருவம் எழுத்துக்கு முன்னால் வந்து காப்பாற்றுவதில்லை. வாசிப்பு எழுத்துகளின் வழியாகத்தான் போகிறது, எத்தனை வேகமாகப் போனாலும்.

கூலி இல்லாமல் எதுவும் நடப்பதில்லை

‘ஒரு சிரமமும் இல்லாமல் படித்துவிடலாம்’ என்பது இன்னொரு தவறு. 2006-இல் கீத் ரெய்னரும் மூன்று பேரும் சேர்ந்து, கண் தாவுவதை அளக்கும் கருவியை வைத்து இதைச் சோதித்தார்கள். ஆங்கில வாக்கியங்கள். ஒழுங்கான வாக்கியத்தை நிமிடத்துக்கு 255 சொல் வேகத்தில் படித்தார்கள். சொல்லின் நடு எழுத்துகளைக் கலைத்தபோது 227. கடைசிப் பக்கத்து எழுத்துகளைக் கலைத்தபோது 189. தொடக்கத்தைக் கலைத்தபோது 163. படிக்க முடிந்தது, பொருளும் புரிந்தது, ஆனால் ஒவ்வொரு கலைப்புக்கும் மனம் கூலி கொடுத்தது. கண் அதிக நேரம் நின்றது, திரும்பித் திரும்பிப் பார்த்தது. தொடக்கத்தில் கை வைத்தால் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது.

உங்கள் பிள்ளையையோ தம்பியையோ உட்கார வைத்து மேலே உள்ள அழகர் வாக்கியத்தைப் படிக்கச் சொல்லுங்கள், ஒழுங்கான வடிவத்தை இன்னொருவருக்குக் கொடுங்கள். போன் கடிகாரமே போதும், கூலி எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

நகரமும் நரகமும்

இடம் மங்கலாகத் தெரிகிறது என்றால் இடத்தைக் கவனிப்பதே இல்லை என்று அர்த்தமா? நகரம், நரகம். அதே ந, அதே க, அதே ர, அதே ம். முதலும் கடைசியும் மாறவில்லை. வாகனம், வானகம் இன்னொரு ஜோடி. இவற்றை நாம் தினமும் சரியாகத்தான் படிக்கிறோம். எழுத்தின் இடம் தாமதமாக வந்தாலும் கடைசியில் வந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

புரூஃப் பார்ப்பவருக்கு மிகவும் பயமான பிழையும் இதுதான். ‘சுற்முறம்’ என்றால் ஒருநாள் யாராவது கண்டுபிடிப்பார்கள், அப்படி ஒரு சொல் இல்லை. ‘நகர விரிவாக்கம்’ என்ற இடத்தில் ‘நரக விரிவாக்கம்’ விழுந்தால்? இரண்டும் உண்மையான சொற்கள், கணினியின் பிழைதிருத்தியும் கண்ணை மூடிக்கொள்ளும். தேர்தலில் இரண்டு பேரும் செல்லுபடியான வேட்பாளர்கள், வாக்கியம் யாரை எதிர்பார்க்கிறதோ அவர் ஜெயித்துவிடுவார், காகிதத்தில் யார் இருந்தாலும்.

தமிழுக்கு இது எப்படிப் பொருந்தும்

ஃபார்வர்டு ஆங்கிலத்துக்காக எழுதப்பட்டது. அதைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவரும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் க்-க்கு ஓர் எழுத்து, அதோடு வரும் அ-வுக்கு ஓர் எழுத்து, தனித்தனியாக நிற்கும். நமக்குக் ‘கூ’ என்பது ஒரே எழுத்து, மெய்யும் உயிரும் அதற்குள்ளேயே. நம்முடைய 247 எழுத்தில் 216 இப்படிச் சேர்ந்தவை. ‘கொ’-வில் ஒரு கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஆனால் ஒலிக்கும்போது க் முதலில், ஒ பிறகு. முன்னால் நிற்கும் குறியைப் பின்னால் ஒலிக்கும் இந்த வேலையைத் தமிழ் வாசகர் ஒவ்வொரு வரியிலும் செய்கிறார், அவருக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் ‘கொ’ அவருக்கு ஒரே துண்டு.

துண்டு பெரிதாக இருப்பதால், தமிழில் இரண்டு உயிர்மெய் எழுத்தை மாற்றினால் இரண்டு முழு அசையொலி இடம் மாறுகிறது. அதோடு நம் சொற்களில் இரண்டு மூன்று எழுத்துச் சொற்களும் உண்டு, அவற்றில் கலைக்க நடுவே கிடையாது. மதுரை என்ற சொல்லில் நடுவில் இருப்பது ‘து’ ஒன்றுதான்.

இன்னொரு பக்கம் நீளமான சொற்கள். வீட்டிலிருந்து என்பதை ‘வீட்டிலிந்ருது’ என்று எழுதினால் எளிதில் பிடித்துவிடுவீர்கள், ‘இருந்து’ என்ற உருபுக்குள்ளேயே இரண்டு எழுத்துதான் மாறின. அதே சொல்லை ‘வீருலிட்ந்டிது’ என்று எழுதினால்? முதலும் கடைசியும் இருந்தும் வீடு எங்கே என்று தெரியவில்லை. பெயரின் எழுத்து உருபுக்குள்ளும் உருபின் எழுத்து பெயருக்குள்ளும் போய்விட்டால் தமிழ்ச் சொல் உடைந்துவிடுகிறது. வந்தான், வந்தாள், வந்தார் என்று யார் வந்தார் என்பதையே கடைசியில்தான் சொல்கிறோம், அந்த வால் நமக்கு அத்தனை முக்கியம்.

இருபது வருடம் புரூஃப் பார்த்ததில் நான் கவனித்த ஒன்றையும் சொல்கிறேன். கண்ணிலிருந்து தப்பும் இடமாற்றங்களில் பெரும்பாலானவை புள்ளி எழுத்தை ஒட்டியே நடக்கின்றன: மகக்ள், கூடட்ம், சுற்முறம். என் கணிப்பு இது: எந்த மெய்யை அடுத்து எந்த எழுத்து வரலாம் என்று தமிழில் கண்டிப்பான விதி உண்டு, மெய்ம்மயக்கம் என்று தொல்காப்பியமும் நன்னூலும் சொல்வது. ட், ற் இரண்டையும் அடுத்து க, ச, ப வரலாம், அல்லது அதே எழுத்து இரட்டிக்கலாம், அவ்வளவுதான். ‘ற்’ அடுத்து ‘மு’ வரவே முடியாது. இலக்கணம் படிக்காதவருக்கும் இந்த விதி காதிலும் கண்ணிலும் ஊறியிருக்கிறது, அதனால் இல்லாத வரிசையைக் கண்டதும் மனம் இருக்கக்கூடிய ஒரே வரிசைக்குத் தள்ளிவிடுகிறது. சீர் செய்ய ஒரே வழி இருந்தால் சீர் செய்ததே நமக்குத் தெரிவதில்லை.

மற்ற மொழிகளிலும் இப்படி அதனதன் குணம் தெரிகிறது. ஹீப்ரு மொழியில் ஒரு சொல்லின் பொருள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்து வேரில் இருக்கும், அதே மூன்றை வரிசை மாற்றினால் வேறு வேராகிவிடும். அங்கே நகரம், நரகம் ஜோடிகள் மொழி முழுக்க. 2007-இல் ஹதஸ் வேலன், ராம் ஃபிராஸ்ட் என்ற இருவர் சோதித்தபோது, ஆங்கிலத்தில் எளிதாக ஓடிய கலைப்பு ஹீப்ருவில் வாசிப்பை மோசமாகக் கெடுத்தது, படித்தவர்கள் இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த அதே ஆட்கள்தான். கொரிய எழுத்திலும் ஒவ்வோர் ஒலிக்கும் கட்டத்துக்குள் நிலையான இடம் உண்டு, அங்கேயும் இடமாற்ற விளைவு ஆங்கிலத்தைப் போல எழவில்லை. மூளை ஒன்றுதான். எழுத்தின் இடத்தை எவ்வளவு கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதை அது படிக்கும் மொழி கற்றுக்கொடுக்கிறது.

பிள்ளைகள் விஷயத்தில்

நான் இத்தனை எழுதியதற்குக் காரணமே இந்தப் பகுதிதான். இந்த ஃபார்வர்டை வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு எழுத்து எழுத்தாகச் சொல்லித்தர வேண்டாம், சொல்லைப் படமாகக் காட்டி மனப்பாடம் செய்ய வைத்தால் போதும் என்று ஒரு பெற்றோர் என்னிடமே சொன்னார்கள். வேகமாகப் படிக்கும் பெரியவரின் மனம் கலைந்த சொல்லைச் சரிசெய்வது, அவர் பல வருடம் எழுத்துக்கூட்டிப் படித்துச் சேர்த்த சொற்கள் உள்ளே வேட்பாளராக நிற்பதால்தான். அந்தச் சேமிப்பு இல்லாத பிள்ளையிடம் கலைந்த சொல்லைக் கொடுத்தால் ஓட்டு யாருக்கு விழும்?

வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளையும் இதில் இழுக்கிறார்கள். டிஸ்லெக்சியா என்றால் எழுத்துகள் இப்படிக் கலைந்து, ஆடிக்கொண்டு தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அடிப்படைச் சிரமம் கண்ணில் இல்லை. சொல்லின் ஒலியைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று இணைப்பதில்தான் அவர்கள் திணறுகிறார்கள். அவர்களுக்கு உதவுவதும் எழுத்தையும் ஒலியையும் நிதானமாக, திரும்பத் திரும்பச் சேர்த்துச் சொல்லித் தருவதுதான். ‘நீ முழுசாப் பாரு, தானா வரும்’ என்று அவர்களிடம் சொல்வது கொடுமை.

புரூஃப் மேசையில் இப்போது

அந்த ஐந்நூறு பத்திரிகையையும் அச்சகச் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தோம். அதன் பிறகு நான் பார்க்கும் முறையை மாற்றிக்கொண்டேன். பழைய அச்சகங்களில் ஒருவர் மூலத்தை வைத்துக்கொண்டு சத்தமாகப் படிக்க, இன்னொருவர் அச்சுப் படியைப் பார்ப்பார், அதைத் திரும்பக் கொண்டுவந்தோம். தனியாக இருக்கும்போது கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குப் பின்னோக்கி வருகிறேன், வாக்கியம் இல்லாவிட்டால் எதிர்பார்ப்பும் இல்லை, ஓட்டு எண்ணிக்கை கொஞ்சம் நேர்மையாக நடக்கும். வரிக்குக் கீழே ஒரு அட்டையும் வைத்துக்கொள்கிறேன், கண் முன்னே தாவாமல் இருக்க.

பிழையான அந்தப் பத்திரிகை ஒன்றை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். போன மாதம் பேத்தி வந்திருந்தாள், இப்போது ஆறாம் வகுப்பு, கையில் கிடைத்ததை எல்லாம் மளமளவென்று படிக்கிறாள். கண்ணாடி வழியாகவே அதையும் படித்தாள்: “தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து.” எங்கும் நிற்கவில்லை.